கதவோர நாற்காலி

நாலாம் பெர்த்தில் நின்ற கப்பலின் பின்புறம்
வெள்ளை எழுத்தில் வல்லெட்டா.
மால்டா நாடு. வட சென்னையில் பாதிகூட இல்லை ஜனம்.

ஸ்காட்லாந்து இன்ஜினியர் ஃபர்கஸ்
டீ டம்ளரை ஊதிக்கொண்டே சொன்னான்:
"இவங்களுக்கு பிரஸ்ஸல்ஸ்ல நாற்காலி இருக்கு.
எங்க மீனுக்கு லண்டன்காரன்தான் பேசினான்.
பேசிட்டு, எழுந்து வெளியேயும் வந்துட்டான்."
தனியாப் போனா?
"ஓரமாத்தான் போடுவாங்க."

நான் பெட்டி எண் எழுதிக்கொண்டிருந்தேன்.

காசிமேட்டில் பெரிய சங்கத்தை விட்டு
நாற்பது ஃபைபர் படகு பிரிந்த வருஷம்
அமலோற்பவத்துக்குக் கிடைத்ததும் ஓரம்தான்.
ஃபேன் காற்று எட்டாத பிளாஸ்டிக் நாற்காலி,
ஒரு கால் ஆடும்.
ஐஸ் விலையை அவளால் இறக்க முடியவில்லை.
டீசல் மானியம் பழையபடி இழுவைதான்.
ஆனால் அந்த மார்ச் கூட்டத்தில்,
"எல்லாருக்கும் சம்மதம்தானே" என்று
தலைவர் பேனாவை மூடியபோது
கதவோரம் ஒரு கை எழுந்தது.
மூடிய பேனாவை
மறுபடி திறக்க வேண்டியிருந்தது அவருக்கு.
திறந்து, அவள் பெயரில் எழுத்துப்பிழை விட்டார்.

இதையெல்லாம் ஃபர்கஸிடம் சொல்ல
என் இங்கிலீஷ் போதவில்லை.
"சேர். டோர் சைடு. குட்" என்றேன்.
சிரித்தான், புரிந்தோ புரியாமலோ.