முதல் ஐந்நூறு

சீலநாயக்கன்பட்டி, இரவு ஒன்பதே கால்.
கான்டெசாவின் பானெட் சுவரில் சாய்ந்திருக்கிறது.
"ஐடில்ல விட்றாதே,
இருபது நிமிஷம் ரெண்டாயிரத்துலயே பிடி"
என்கிறான் அப்சர்.

ஒரு இருமல். ஒரு நீலத் தும்மல்.
மூன்றாவதில்
தகரக் கூரை மொத்தமும் பேச ஆரம்பித்தது.
ஆயில் முள் எழும்வரை
நான் மூச்சு விடவில்லை.
எதிர் லாரி ஆபீஸ் வாட்ச்மேன் திட்டினார்;
உதடு மட்டும் தெரிந்தது.

வடித்த ஆயிலில்
செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைத் தரைபோல்
மினுக்கும் தூள்.
"இது நல்லதுதான்.
அடுத்த தடவையும் வந்தா அழு."

மறுநாள் மாலை ஓமலூர் ரோடு.
நாற்பதைத் தாண்டக் கூடாது.
முட்டை அட்டைகள் கட்டிய மொபெட் ஒன்று
ஹாரன் அடித்து என்னை முந்துகிறது.
வலப்பக்கம் சேர்வராயன்,
கொண்டை ஊசி வளைவுகளில்
ஒவ்வொரு விளக்காய் ஏற்றிக்கொண்டு.

இன்னும்
நானூற்றுப் பதினோரு கிலோமீட்டர்.