லாம்

கோப்பு எண் போட்டாயிற்று.
ஏவெர்ட் கொமுலாய்னென், வயது எண்பத்தொன்று,
கூஹ்மோ வட்டாரம், ஏரியின் வடகரை.
வாரிசு: இல்லை.

அந்த "இல்லை"யை எழுதப்
பதினோரு மாதம் ஆனது.
மனைவி இல்லை, பிள்ளை இல்லை என்பது
ஒரு நாள் வேலை.
அக்கா, தேவாலயப் பதிவேட்டில் ஒரு சிலுவைக்குறி.
பெரியப்பாவைத் தேடி எல்லைக்கு அப்பால் போன கடிதம்
பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது.

அத்தை மகன் ஒருவர் இருக்கிறார்.
தோர்ஸ்டி. ஸ்வீடனில், லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர்.
தொலைபேசியில் சொன்னேன்:
எங்கள் சட்டத்தின் ஏணி அத்தையோடு முடிகிறது.
அத்தை இருந்திருந்தால் எல்லாம் அவருக்கு.
அவர் மகனுக்கு ஓர் ஆணிகூடக் கிடையாது.
கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்.
"அப்படியென்றால் நான் யார்?"
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஆகவே அரசுக்கு.
வீடு ஒன்று, சவுனா ஒன்று,
பதினேழு ஹெக்டேர் பைன் காடு,
துடுப்புப் படகு, கசிவுடன்,
வங்கியில் நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் யூரோ,
உறைபெட்டியில் மீன், ஒவ்வொன்றிலும் பிடித்த தேதி.
கடைசி மீனுக்குத் தேதி இல்லை.

மனுக்கள் இரண்டு.
நகராட்சியினுடையது: முத்திரை, மூன்று இணைப்பு, வண்ண வரைபடம்.
பள்ளிக்கூடச் சுவரெல்லாம் பூஞ்சை,
பிள்ளைகள் இருமுகிறார்கள், காட்டைக் கொடுங்கள்.
மற்றது கோடு போட்ட தாளில், பென்சிலில்.
ரைலி க்யுல்லெனென், பக்கத்து வீடு.
பக்கம் என்றால் நான்கு கிலோமீட்டர்.

"வாரம் மூன்று தடவை கயானி ஆஸ்பத்திரிக்கு
ரத்தம் சுத்தம் செய்யக் கூட்டிப்போனேன். ஆறு வருஷம்.
வழியில் அவர் பேசமாட்டார். நானும்தான்.
பெட்ரோலுக்குப் பாதி கொடுத்தார்.
மீதிப் பாதியை அப்போதும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.
படகு எனக்கு என்றார். காலண்டரில் இருக்கிறது."

இருக்கிறது. மார்ச் மாதத்தின் முதுகில்:
படகு ரைலிக்கு. ஏ. கொ.
உயிலுக்குச் சாட்சி இருவர் வேண்டும்.
அறையில் இருந்தது நாய்.
அதுவும் போய்விட்டது.

சட்டத்தைத் திரும்பவும் படித்தேன்.
நெருங்கியவருக்கோ, ஊருக்கோ
அரசு கொடுக்கலாம்.
கொடுக்கும் என்று இல்லை.
கொடுக்க வேண்டும் என்றும் இல்லை.
லாம்.

அரசு என்றால் யார் என்று
தோர்ஸ்டி மறுபடி அழைத்துக் கேட்டார்.
நீதிபதியா? அமைச்சரா?
ஹெல்சின்கியில் மூன்றாம் மாடி, அச்சுப்பொறிக்குப் பக்கத்து மேசை,
ஆறிப்போன பட்டாணி சூப் என்று சொல்ல
வாய் வரவில்லை.
நான் முன்மொழிவேன், தலைமை அலுவலர் கையெழுத்திடுவார்.
அவர் படிப்பது கடைசிப் பத்தி மட்டும்.
அதை எழுதுவது நான்.

நெருக்கத்தை எதால் அளப்பது?
போகவர இருநூறு கிலோமீட்டர், வாரம் மூன்று, ஆறு வருஷம்.
பெருக்கினேன்.
ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரம் கிலோமீட்டர் மௌனம்.
"நீண்டகாலப் பராமரிப்பு" என்று எழுதினேன்.
காடு பள்ளிக்கு.
வீடு, சவுனா, படகு ரைலிக்கு.
பணம் கருவூலத்துக்கு.
கையெழுத்து நாலே நிமிடத்தில் வந்தது.

புகைப்பட ஆல்பம் ஒன்று மிஞ்சியது. மதிப்பு: பூஜ்யம்.
பூஜ்யத்துக்கு யார் கையெழுத்தும் தேவையில்லை.
உறையில் போட்டு ஸ்வீடனுக்கு அனுப்பினேன்,
தபால்தலை என் காசு.

வெள்ளிக்கிழமை ரைலி அழைத்தாள்.
"படகைத்தானே கேட்டேன்.
வீட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?"
வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாள், அதே பென்சிலில்.

வீடு மறுபடி அரசுக்கு.
மறுபடி கோப்பு எண்.
மின்நிறுவனத்திலிருந்து ஒரு பெண் கேட்கிறாள்,
உறைபெட்டி இன்னும் ஓடுகிறதாம்,
கட்டணம் ஏறுகிறதாம்,
அணைக்கலாமா?