சிரிப்புக்கு விட்ட இடம்

என் வேலை சோபாவுக்குப் பின்னால், குப்புறப் படுத்து.
பியானோ கம்பி, ஒரு கப்பி, தோல் கையுறை,
வாயில் திணித்துக்கொள்ள ஒரு கைக்குட்டை.
கம்பி பேய்க்கு.
கைக்குட்டை மின்னா டாலிவருக்கு.

கல்வர் சிட்டி, முப்பத்தெட்டு, ஆகஸ்ட்.
ஆர்க் விளக்குகளின் வெக்கையில்
மெழுகுவர்த்திகள் ஏற்றும் முன்பே தலைகுனிந்துவிட்டன.
கதை இவ்வளவுதான்:
மனைவி மறுமணத்துக்குத் தயாராகும் வீட்டுக்கு
செத்துப்போன கணவன் திரும்பி வருகிறான்,
தொப்பியைத் தேடிக்கொண்டு.
மூன்று எழுத்தாளர்கள் ஒரு மாதம் மண்டையை உடைத்தும் வராத அந்தத் தொப்பி
மின்னா மதியச் சாப்பாட்டில்
வெள்ளரி ஊறுகாயைக் கடித்தபடி சொன்னது.
திரையில் எழுத்தாளர்கள் பெயர் மூன்றுதான் வரும்.

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் மரம் ஏறித்தான் ஆகவேண்டும்.
அவள் ஏறியது சரவிளக்கில்,
டூப் இல்லாமல், ஏறும்போதே தும்மிக்கொண்டு.

பேயாக நடித்த லேலண்ட் க்ரூ
கறுப்பு வெல்வெட் முன் ஒரு செவ்வாய்க்கிழமை தனியே நின்று
தன் பங்கை முடித்துவிட்டு
கோல்ஃப் ஆடப் போய்விட்டார்.
மிச்சப் பதினோரு நாளும் அவள் பேசியது
ஒரு நாற்காலியின் முதுகோடு,
அதில் சாக்பீஸால் போட்ட பெருக்கல் குறியோடு.
குறியோடு சண்டை போட்டாள். அதன் டையைச் சரிசெய்தாள்.
"செத்த பிறகுமா காலரில் முட்டைக்கறை?"
விரலில் எச்சில் தொட்டுக் காற்றைத் துடைத்தாள்.
எனக்குக் கறை தெரிந்தது. சத்தியமாக.

முதல் நாளே சோபா முதுகில் எட்டிப் பார்த்தாள்:
"ஸ்டானெக், கோப்பையை இப்படி வழவழவென்று தூக்காதே.
அவன் செத்து நாலு மாசம்தான் ஆகிறது, கை பழகியிருக்காது.
முதலில் நழுவவிடு.
பிறகு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று
சுற்றிப் பார்."
கோப்பை எப்படிச் சுற்றிப் பார்க்கும்?
"அதற்குத்தானே உனக்குச் சம்பளம்."
மூன்று இரவு என் சமையலறையில் பழகினேன்.
ஒன்பது கோப்பை போனது.

படப்பிடிப்பில் யாரும் சிரிக்கக் கூடாது,
மைக்குக்குக் கேட்டுவிடும்.
அவளோ வசனத்தைச் சொல்லிவிட்டு நிறுத்துவாள்.
ஒரு மூச்சு. சில சமயம் ஒன்றரை.
புருவம் மட்டும் வேலை செய்யும்.
இயக்குநர் க்ராஸ்மன் கத்துவார்: யாருக்காகக் காத்திருக்கிறாய்?
"அவர்களுக்காக."
கேமராவுக்குப் பின்னிருந்த இருட்டை மோவாயால் காட்டினாள்.
எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.
ஒரு தீயணைப்பு வாளி.
மணலில் நாலு சிகரெட் துண்டு.

பதினோராம் நாள், ஏழாவது டேக்.
கைக்குட்டை போதவில்லை.
கண்ணில் நீர் முட்ட, முழங்கையைக் கடித்துக்கொண்டு குலுங்கியதில்
கம்பி கையைவிட்டுப் போயிற்று.
ஆனாலும் கோப்பை எழுந்தது.
நழுவியது.
சுற்றிப் பார்த்தது, நான் பழக்கியதைவிட நன்றாக.
க்ராஸ்மன் என் முதுகில் தட்டினார், வாரத்துக்கு நாலு டாலர் கூட்டினார்.
வாங்கிக்கொண்டேன்.
ஒரு வருஷம் விளக்கை அணைக்காமல் தூங்கினேன்.

அறுபத்தொன்றில் க்ளீவ்லண்டில், வேறு வேலையாய்ப் போனபோது
மழைக்கு ஒதுங்கிய கொட்டகையில் அதே படம்.
மின்னா போய் அப்போது ஆறு வருஷம்.
ஏழாவது டேக் வந்தது.
கோப்பையைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை,
தரையைப் பார்த்தேன்.
பேய்க்குக் கால் கிடையாது என்பார்கள்.
இருந்தது.
வலது கால், செருப்பில்லாமல், சாம்பல்நிறக் காலுறையில்
சோபாவுக்கடியில் பின்னோக்கி நீண்டு,
கட்டைவிரல் பக்கம் ஒரு பொத்தல்,
பொத்தலில் மாட்டிய என் கம்பி.

இருபத்துமூன்று வருஷமாய்க் கைக்குட்டையில் இருந்தது
அப்படியே வெளியே வந்தது.
முன் வரிசைப் பையன்கள் என்னைத் திரும்பிப் பார்த்து
அவர்களும் தொடங்கினார்கள்.
ஈரக் கோட்டுகள், பாப்கார்ன், வாசல் டிக்கெட்காரன்.
ஒரு சொல்லும் மூழ்கவில்லை.

திரையில் அவள் புருவம் மட்டும் வேலை செய்தது.
இருட்டில் இருந்த எங்களைப் பார்த்தபடி
முடியட்டும் என்று காத்திருந்தாள்.
பிறகு நாற்காலியிடம் திரும்பி,
"தொப்பி மாடியில் இருக்கிறது" என்றாள்.