நாற்பது வாட்

ஊட்டியில் ஃபிரிட்ஜ் மெக்கானிக்காக இருப்பவனுக்குத்
தை மாதம் முழுக்கக்
கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் வேலை.

சேரிங் கிராஸ் கூல்டிரிங்ஸ் கடைக்காரர்
எடைக்குப் போட இருந்த கண்ணாடிக் கதவுப் பெட்டியை
பழைய பாக்கியில் கழித்துக்கொள்ளச் சொல்லித்
தூக்கி வந்தேன்.
கம்ப்ரஸர் செத்து இரண்டு வருஷம்.
அதைக் கழற்றி வீசிவிட்டு
அடியில் நாற்பது வாட் குண்டு பல்பு ஒன்று.
நடுத்தட்டில்
கோட்டயத்திலிருந்து கூரியரில் வந்த வௌவால் பூக் கிழங்கு.
சுவிட்சைப் போட்டதும்
பிறந்ததிலிருந்து சோடாவைக் குளிர்வித்த பெட்டி
மெல்லச் சூடேறியது.

"எங்க முற்றத்துல அது பாட்டுக்கு வளருது சேட்டா"
என்றார் போனில் ஜெயமோள்.
அது பாட்டுக்கு.

காந்தலில் அது பாட்டுக்கு வளராது.
மழைத்தண்ணீர்தான் குடிக்கும், அதுவும் வெதுவெதுப்பாக.
வெறும் மண்ணில் வைத்த முதல் மாதமே பாதிக் கிழங்கு அழுகியது.
அறுத்து, மஞ்சள்தூள் அப்பி,
பைன் பட்டையும் அடுப்புக்கரியும் தேங்காய்நாரும் கலந்து
மறுபடி நட்டேன்.
சிவப்புச் சிலந்தி இலைக்கடியில் நூல் கட்டினால்
ஈரத்துணி நுனியால்
ஒவ்வொரு நரம்பாக,
கைக்குழந்தைக்குக் காது துடைப்பதுபோல.

வாயு நிரப்பிவிட்டுக் குளிர் பார்க்கும் வெப்பமானி
இப்போது தொட்டிக்குள் நிற்கிறது.
உள்ளே இருபத்திரண்டு.
ஜன்னலுக்கு வெளியே நான்கு.
என் தொழிலில் அந்த எண் இறங்கினால்தான் கூலி.

சாக்கடை ஓரத்தில் வெள்ளை லில்லி,
சுவர் இடுக்கில் ஜெரேனியம்,
போஸ்ட் ஆபீஸ் சரிவெல்லாம் ஹைட்ராஞ்சியா.
என்றைக்கோ கப்பலில் வந்தவை.
ஒருவரும் தண்ணீர் ஊற்றுவதில்லை.
ஊட்டிப்பூ என்று கட்டி விற்கிறார்கள்.

உறைபனி விழுந்த ஒரு ராத்திரி
பதினொன்றே காலுக்குக் கரண்ட் போனது.
இருபது.
பதினெட்டு.
நான்கு பாட்டிலில் வெந்நீர் நிரப்பி உள்ளே அடுக்கினேன்.
பதினாறு.
பன்னிரண்டைத் தொட்டதும்
தொட்டியைக் கம்பளியில் சுற்றி
மார்போடு அணைத்துக்கொண்டு
பின்தெரு சுலைமான் பேக்கரிக்கு ஓடினேன்.
விறகடுப்பில் வர்க்கி வெந்துகொண்டிருந்தது.
"யாருக்கு? என்ன ஆச்சு?" என்று பதறி வந்தார்.
கம்பளியை விலக்கிக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் இலையைப் பார்த்தார்,
அதைவிட அதிக நேரம் என்னை.
பிறகு மைதா மூட்டையை நகர்த்தி
அடுப்புச் சுவரோரம் இடம் விட்டார்.

விடிந்தபோது
இலையெல்லாம் மாவு,
வெளியே புல்லெல்லாம் பனி.

ஆனியில் பூத்தது.
கருநீலம் என்று சொல்லித் தப்பிக்க முடியாத கறுப்பு.
விரித்த இரண்டு சிறகு,
நடுவில் தலைகுனிந்த மொட்டுக் கொத்து,
கீழே தொங்கும் மீசை, பத்துப் பதினைந்து இழை.
பிலோமி சிலுவை போட்டுக்கொண்டாள்.
தலையில் வைக்க முடியாது.
மாதா முன்னால் வைக்க முடியாது.
கல்லறைக்கு எடுத்துப் போனால்கூட
சனங்கள் ஒரு மாதிரி பார்க்கும்.
"அப்புறம் எதுக்குத்தான் இது?"

நானும் யோசித்தேன்.
டீ ஆறிவிட்டது.

சுலைமான் ஒரு பொட்டலம் வர்க்கியோடு வந்தார்,
ஆஸ்பத்திரிக்கு வருகிறவர் மாதிரி.
நீர்த்துளி படிந்திருப்பது உள்பக்கம் என்று தெரியாமல்
கண்ணாடியை வெளியே
துடைத்துக்கொண்டே இருந்தார்.

நேற்று நடுச்சாமத்தில் விழிப்பு வந்தது.
பக்கத்தில் பிலோமி இல்லை.
பெட்டி முன்னால் முக்காலி போட்டு
பல்பு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள்,
தையல் டேப்பை நீட்டிப் பிடித்தபடி.
"நேத்தைக்கு இன்னிக்கு மீசை அரை இஞ்சு கூட" என்றாள்,
திரும்பிப் பார்க்காமல்.

முப்பது வருஷமாக
வீடு வீடாகச் சொல்லிப் பழகிய வாய்.
"கதவைச் சாத்து" என்றேன்.
"சூடு போகுது."