செலவுக் கணக்கு மார்ச்சில் மூடும்

விண்ணப்பம் நாற்பத்திரண்டு பக்கம்.
மார்லிஸ் ஓட்கார்ட் கேட்டதோ
பழைய பேருந்துக்கு டீசல்,
இருபத்து நான்கு மண்வெட்டி,
ஆளுயரக் குழி ஒன்று வெட்ட
இயந்திர வாடகை.
மண்ணியல் வகுப்பு
ஒருமுறையாவது மண்ணுக்குள் இறங்கட்டும் என்றுதான்.

ரப்பர் பூட்ஸை அடித்துவிட்டார்கள்:
சொந்த உடைக்கு மானியம் இல்லை.

கற்றலை எப்படி அளப்பீர்கள்?
ஏழாம் கட்டம் கேட்டது.
ஈர மண்ணைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி
நாடாவாக நீட்டச் சொல்வேன்,
எவ்வளவு நீண்டு அறுகிறதோ
அவ்வளவு களி
என்று எழுதினாள்.
பிறகு பயந்துபோய்
'வினாத்தாள், முன்னும் பின்னும்' என்று சேர்த்தாள்.

வாஷிங்டன் யோசித்து முடிப்பதற்குள்
கோதுமை அறுத்தாயிற்று,
சூரியகாந்தி கருத்துத் தலை தொங்கிற்று.
ஒப்புதல் வந்தது நவம்பர் கடைசியில்.
வடக்கு டகோட்டாவில் நிலம் அப்போது இரும்பு.
கடப்பாரை போட்டால் 'ணங்' என்றது,
அவ்வளவே.

டீன் கையை விரித்தார்.

திங்கட்கிழமை ட்ரெவர் ஷ்மால்ட்ஸ்
லாரியிலிருந்து ஆறு வாளி இறக்கினான்.
சர்க்கரைக்கிழங்கோடு ஒட்டி வந்து
ஆலை வாசலில் சுரண்டி எறிந்த மண்.
அப்பா திட்டுவார், எடைக்கழிவில் போன காசு அது.

ஹீட்டர் அருகே இளகவிட்டார்கள்.
சுவரோரம் மண்வெட்டிகள்,
விலைச்சீட்டு இன்னும் உரிக்காமல்.
அறிக்கையில் ஒரு வரி:
மண், ஆறு வாளி. ரசீது இல்லை.

கடைசி மேஜையில் யாரோ கத்தினார்கள்,
மூன்று அங்குலம்!
இன்னும் அறவில்லை.