நிறக்குறிப்பு

மார்ச் மாதம். பெய்ப்சி ஏரி இன்னும் மூடித்தான் கிடக்கிறது.
கோல்க்யா மீனவர் கூடத்தில்
வெங்காயச் சரங்களுக்குக் கீழே
என் தொடுதிரையை நிறுத்தி வைத்தேன்.

முப்பத்தெட்டுக் குளிர்காலங்களின் பனித் தடிமன்.
தாவெத் துளைபோட்டு அளந்து, பென்சிலால் எழுதி,
ஈரத்தில் வீங்கிப்போன குறிப்பேடுகள்.
அவற்றை ஒரு வரைபடமாக்கியிருந்தேன்:
இழுத்தால் ஆண்டுகள் நகரும்,
தொட்டால் அந்த இடத்தின் சென்டிமீட்டர் எழும்பி வரும்.
கனத்த பனிக்கு வெள்ளை, மெலிந்ததற்கு நீலம்.
நீலம் என்றால் தண்ணீர்தானே.
தார்த்துவில், வெதுவெதுப்பான அறையில்,
யாரும் மறுக்கவில்லை.

முதலில் கிப்ரியான் தொட்டார். திரை அசையவில்லை.
உப்பும் கயிறும் தின்ற விரலை
அது விரலென்றே ஏற்கவில்லை.
குனிந்து, மூக்கு நுனியால் தொட்டார்.
ஆண்டுகள் நகர்ந்தன.
கூடம் சிரித்து ஓய வெகுநேரமாயிற்று.

ஃபெவ்ரோனியா சிரிக்கவில்லை.
என் வயதுதான் இருக்கும்; பனிவண்டி ஓட்டுகிறவள்.
"இதை வரைந்தவள் பனிமேல் நின்றதுண்டா?
வெள்ளைப் பனி பாதி காற்று, ரொட்டி மாதிரி.
கருநீலமாய்க் கண்ணாடிபோல் கிடப்பதுதான் வண்டியைத் தாங்கும்.
உன் படத்தை நம்பினால் என் தம்பி
வெள்ளைக்குப் போவான்."

பிறகு, "இந்த எண் என்ன?"
சராசரி என்றேன்.
"சராசரியின்மேல் எவள் வண்டி ஓட்டுகிறாள்?"

இரவு தாவெத்தை அழைத்தேன்.
"எழுதியிருக்கிறேனே, ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும்
ஓர் எழுத்து: வெள்ளையா, நீலமா என்று."
இருந்தது.
பென்சில் தவறிய கீறல் என்று நினைத்து
அந்தப் பத்தியை முழுசாக நான்தான் நீக்கியிருந்தேன்.

விடியும்வரை ஒவ்வொன்றாய்த் திரும்பச் சேர்த்தேன்.
சராசரியை எடுத்துவிட்டு
அந்த வாரத்தின் ஆக மெலிந்த அளவை வைத்தேன்.
ஏரி முழுக்க வேறு முகம் கொண்டது.

காலையில் கிப்ரியான் வந்தார்.
"சாம்பல் நிறம் எது?"
"யாரும் அளக்காத இடம்."
மூக்கைச் சாம்பலுக்குக் கொண்டுபோனார், தொடவில்லை.
"இங்கே ஒரு வண்டி இருக்கிறது," என்றார்.
"அடியில். விளக்குகூட அணைக்காமல் இறங்கியது."

என் கையில் சுட்டி இருந்தது.
அதற்கு என்ன நிறம் என்று
அவரும் சொல்லவில்லை.