சரக்கு என்று ஒன்று இல்லை

இரவு இரண்டு பத்து. டர்பன், மேடன் வார்ஃப்.
நாற்பதடிப் பெட்டியொன்று
லிம்போப்போவிலிருந்து வந்து
வாசலில் லாரிமேல் உறுமிக்கொண்டு நிற்கிறது.
அதற்கு முன்னே வந்த செய்தி என் திரையில்,
சுருள் அடைப்புக்குறிக்குள்:
எடை இருபத்து நான்கு டன்,
வெப்பம் நான்கு,
முத்திரை எண், கப்பல் பெயர்.
என்ன என்பது மட்டும் இல்லை.

‘சரக்கு அரூப வகுப்பு.
அதற்கு உருவம் தர இயலாது.’
சரிதான். எழுதியதே நான்தான்,
மூன்று வருடம் முன்பு, கொஞ்சம் திமிரோடு:
சரக்கு என்று எதுவும் உலகத்தில் இல்லை,
குளிர்ப்பெட்டி உண்டு, உலர்பெட்டி உண்டு, எண்ணெய்த் தொட்டி உண்டு.
வெறும் சரக்கை இதுவரை
யாரும் தோளில் தூக்கியதில்லை.

நொம்புசோ நாற்காலியோடு உருண்டு வருகிறாள்.
“அரூபம் என்ற ஒரு சொல்லை எடுத்துவிடு வனேஷ்ரீ,
எல்லாம் ஓடும்.”
ஓடும்.
வெறும் சரக்காக உள்ளே போகும்,
மின்சாரம் இல்லாத வரிசையில் அடுக்குவார்கள்,
ராட்டர்டாமில் கதவைத் திறக்கும்போது
காலடியில் ஒழுகும்.

“நான்கு டிகிரி என்றிருக்கிறதே, தெரியவில்லையா?”
எனக்குத் தெரிகிறது. ஓட்டுநருக்கு மூக்கிலேயே தெரிகிறது.
இயந்திரத்துக்கு ஊகிக்கக் கற்றுக்கொடுத்தால்
நாளை நான்கு டிகிரியில் வரும் மருந்தையும்
ஆரஞ்சு என்று சாதிக்கும்.

ஆக, இனி ஒவ்வொரு செய்தியும்
தான் இன்னது என்று தானே சொல்லிக்கொண்டு வரவேண்டும்.
புதிதாக ஒரு புலம். பெயர்?
கையேட்டுச் சொல்லைத் தமிழில் யோசித்தேன்: பாகுபாடு.
நொம்புசோவுக்குப் பொருள் சொன்னேன்.
சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை.
அவள் அம்மாவின் பாஸ் புத்தகத்தில் இருந்தது அது,
என் அப்பாவின் பிறப்புச் சான்றிலும்.
ஒரே ஒரு சொல்;
அதைப் படித்துத்தான்
எந்தப் பேருந்து, எந்தப் பள்ளி,
கடற்கரையில் எந்தத் துண்டு மணல்
எல்லாம் உருவாயின.

‘வகை’ என்று எழுதினேன்.

ட்ஸனீனில் பழக்கிடங்குக்குத் தொலைபேசி.
தூக்கக் குரல்: “ஆரஞ்சுதான், வேறென்ன?”
“தெரியும். எழுதி அனுப்புங்கள்.”
மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால்
வாசல்கம்பு உயர்ந்தது.
பெட்டி தன் மின்செருகியைக் கண்டுகொண்டது.

காலையில், கிளம்பும் நேரம்,
சம்பளப் பிரிவிலிருந்து வருடாந்தரப் படிவம்.
கறுப்பர், கலப்பினர், இந்தியர், வெள்ளையர்.
மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டு
அனுப்பு என்பதை அழுத்தினேன்.

பிழைச்செய்தி எதுவும் வரவில்லை.